மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு கை தோளுக்கு மேல் ஏறவில்லை. ரேடியேஷனுக்கு முன்னால் என்ன செய்யலாம்?

செல்லம்பட்டி மருமகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என் அத்தைக்காகக் கேட்கிறேன், வீட்டுக்காரரோட அம்மா. வயசு 56. சர்க்கரை இருக்கு, மாத்திரையில கட்டுப்பாட்டுல இருக்கு. இடது மார்புல கட்டி. முதல்ல கீமோ கொடுத்துச் சுருக்கிட்டு, அப்புறம் மார்பை முழுசா எடுத்தாங்க. அக்குள்ல இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தாச்சு. இப்ப நாலாவது வாரம் நடக்குது. புண்ணுல சேர்ற நீரை வடிக்கிற ட்ரெயின் டியூப் எடுத்தாச்சு, தையல் பிரிச்சாச்சு, புண் காய்ஞ்சிருச்சு, கசிவு இல்லை.

நின்னுக்கிட்டு இடது கையை முன்பக்கமாத் தூக்கினா தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல வருது. பக்கவாட்டுல தோள் உயரம்கூட வரலை. அக்குள்ல இருந்து முழங்கை மடிப்பு வரைக்கும் தோலுக்கு அடியில கயிறு ஓடுற மாதிரி தட்டுப்படுது. கையை நீட்டினா விண்ணுனு இழுக்குது. மேல்கையோட உள்பக்கம் மரத்துப்போய் இருக்கு. வீக்கம் கண்ணுக்குத் தெரியலை.

அடுத்தது மதுரை பாலரெங்கபுரம் ஆஸ்பத்திரியில ரேடியேஷன், 15 சிட்டிங். ரேடியேஷன் எந்த இடத்துல படணும்னு குறிக்கிற பிளானிங் ஸ்கேனுக்கு இன்னும் 2 வாரம் இருக்கு. கையைத் தலைக்கு மேல வச்சுப் படுத்தாத்தான் ஸ்கேன் எடுக்க முடியும்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் முடிஞ்சு கொடுத்த படம் போட்ட தாளில முதல் வாரப் பயிற்சி மட்டும்தான் இருக்கு: விரலை மடக்கி விரிக்கிறது, முழங்கையை மடக்குறது, மூச்சுப் பயிற்சி. அதுக்கு மேல ஒண்ணும் இல்லை.

வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அசைக்கவே கூடாதுன்னு ஒருத்தர். நரம்பு சுருண்டுக்கிச்சு, எண்ணெய் போட்டு உருவி விட்டாச் சரியாயிரும், சுளுக்கு எடுக்கிற ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னு பெரியப்பா நிக்கிறாரு. அத்தை மல்லிகைத் தோட்டத்துல பூ எடுக்கிறவங்க, மத்த நேரம் பூக்கட்டுவாங்க. திரும்பப் போகலாமா, குடம் தூக்கலாமா, எதுவும் தெரியலை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை பிசியோ:

வணக்கம்மா. பெரியப்பாவிடம் சொல்லி அந்த ஆளை வரவிடாமல் நிறுத்திவிடுங்கள், அதுதான் முதல் வேலை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். 2 வாரம் கையில் இருக்கிறது. தினமும் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு ஸ்கேனுக்குத் தேவையான அளவு கை ஏறிவிடும்.

பயிற்சி தொடங்குவதற்கு முன்னால், கை எதனால் ஏறவில்லை என்று தெரிய வேண்டும். வீட்டிலேயே மூன்று சோதனை செய்து பாருங்கள்.

அத்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, நீங்கள் அவர்கள் கையைத் தாங்கி மெதுவாகத் தலைப்பக்கம் கொண்டுபோங்கள். நீங்கள் தூக்கினால் நன்றாக ஏறுகிறது, நின்றுகொண்டு அவர்களே தூக்கினால்தான் ஏறவில்லை என்றால், அது இறுக்கம் இல்லை, பலக்குறைவு. அடுத்து, சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளச் சொல்லிப் பின்னாலிருந்து முதுகைப் பாருங்கள். இடது தோள்பட்டைச் சப்பை எலும்பின் ஓரம் முதுகை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றால், அக்குளைத் திறக்கும்போது விலாவோரமாக இறங்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நரம்பு அறுபடாமல் இழுபட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடும். ஆனால் அதற்கான பயிற்சி வேறு, நேரில் காட்டியே ஆக வேண்டும். மூன்றாவது, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வலது கையை விட மிகவும் குறைவாகத் திரும்பினால் தோள்மூட்டே உறைய ஆரம்பித்திருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். அதுவும் நேரில் பார்க்க வேண்டியதுதான்.

மூன்றிலும் கோளாறு இல்லாமல், கையைத் தூக்கும்போது மட்டும் அக்குளிலும் மார்பிலும் பிடிக்கிறது என்றால், தையல் தழும்பு, மார்புத்தசை, அந்தக் கயிறு ஆகிய மூன்றின் இறுக்கம்தான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இந்த வகை என்றே தோன்றுகிறது.

அந்தக் கயிறு நரம்பு கிடையாது. நெறிக்கட்டிகளை எடுத்தபின் அந்த வழியாக ஓடிய நிணநீர்க் குழாய்கள் (கையில் சேரும் நீரை வடிக்கும் மெல்லிய குழாய்கள்) இறுகித் தடித்து இப்படித் தட்டுப்படும் என்பதே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். அறுவைக்குப் பிறகு 2 முதல் 8 வாரத்துக்குள் பலருக்கு வரும். சிலருக்கு மணிக்கட்டு வரைக்கும் ஓடும். பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானாகவே இளகும், நீட்டும் பயிற்சி செய்தால் சீக்கிரம் இளகும். எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் என்ன ஆகும்? வடிகால் குறைந்துபோன கைக்கு அழுத்தம் கொடுக்கக் கொடுக்க ரத்தஓட்டம் கூடி நீர் சேரும். மரத்துப்போன தோலில் எவ்வளவு அழுத்துகிறார் என்பது அத்தைக்கே தெரியாது. தோல் உரிந்தால் கிருமி புகும். அந்த வழியாக வந்த வீக்கம் பிறகு முழுசாக இறங்குவது கடினம்.

இப்போது பயிற்சி. ஒரு நாளைக்கு 3 வேளை, வேளைக்குச் சுமார் 15 நிமிடம். ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் செய்வதால் பலன் கூடாது, வலிதான் கூடும். வெதுவெதுப்பான நீரில் குளித்து முடித்த நேரம் நல்லது, தோல் இளகியிருக்கும். டாக்டர் அனுமதித்திருந்தால் பாராசிட்டமாலை அரைமணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் 5 தடவை வயிறு உப்பும்படி மூச்சு இழுத்து விட வேண்டும். தோள்களைப் பின்பக்கமாக 10 சுற்று. இரண்டு சப்பையையும் முதுகுத்தண்டை நோக்கிச் சேர்த்து 5 நொடி பிடித்து விடுவது 7 தடவை.

பிறகு கம்புப் பயிற்சி. மாப்புக் கம்பு போதும், கனமானது வேண்டாம். பாயில் மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, கம்பைத் தோள் அகலத்துக்கு இரண்டு கையாலும் பிடித்து, முழங்கை நேராக இருக்க, வலது கையின் பலத்தால் இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். இழுக்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சை விட்டபடி 5 முதல் 10 நொடி. மெதுவாக இறக்க வேண்டும். 5 முதல் 7 தடவை. இடுப்பு பாயை விட்டு எழும்பி வளையக் கூடாது. வளைந்தால் கை ஏறுவதுபோல் தெரியும், தோள் அசைந்திருக்காது. அதே படுக்கையில், கம்பைப் பிடித்தபடி இடது கையைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போவது இன்னொரு 5 தடவை.

அடுத்தது மிக முக்கியம், ஏனென்றால் ரேடியேஷன் நிலையே இதுதான். படுத்தபடி இரண்டு கையையும் பிடரிக்குக் கீழே கோத்துக்கொண்டு, முழங்கைகளைப் பாயை நோக்கி விரிக்க வேண்டும். இடது முழங்கை தரையைத் தொடாது, அதற்கு அடியில் தலையணையோ மடித்த போர்வையோ கொடுங்கள். முதல் நாள் 10 நொடி இருந்தால் போதும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 2 வாரத்துக்குள் தாங்கலோடு 15 நிமிடம் அசையாமல் படுக்கிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். கை ஏறினால் மட்டும் போதாது, ஏறிய நிலையில் நிலையாக இருக்கவும் வேண்டும். ஸ்கேன் மேசையில் பலரும் தடுமாறுவது இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

சுவர்ப் பயிற்சிக்கு, சுவரைப் பார்த்து நின்று இரண்டு கை விரல்களாலும் மேல்நோக்கி ஊர்ந்து போக வேண்டும். இடது விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வலது கை எட்டும் உயரத்தையும் ஒரு கோடாகப் போட்டுவிடுங்கள், இலக்கு கண்ணுக்கு முன்னால் இருக்கும். அடுத்து பக்கவாட்டில் நின்று அதே மாதிரி. தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு ஏறுவதும், உடம்பை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு ஏறுவதும்தான் இதில் நடக்கும் தவறு. கோடு உயரும், மூட்டு இறுகியபடியே இருக்கும்.

கயிறுக்கு மட்டும் ஒன்று. உட்கார்ந்து இடது கையைப் பக்கவாட்டில் எவ்வளவு வருமோ அவ்வளவு நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை நேராக்கி, மணிக்கட்டைப் பின்பக்கம் வளைத்து விரல் தரையைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அக்குளிலிருந்து முழங்கை வரை இழுப்பு தெரியும். 10 நொடி, 5 தடவை. கூடவே நீங்கள் ஒரு உள்ளங்கையை அக்குளுக்குச் சற்றுக் கீழே மேல்கையில் படிய வைத்துக்கொண்டு, இன்னொரு உள்ளங்கையால் முழங்கைக்குப் பக்கத்துத் தோலை மணிக்கட்டுப் பக்கமாக மெல்ல நகர்த்திப் பிடியுங்கள். தோல் நகர்ந்தால் போதும், தசை அழுந்த வேண்டாம். சில சமயம் பட்டென்று விடுபட்ட உணர்வு வந்து கை லேசாகும். அதற்குப் பயப்பட வேண்டாம், அதே சமயம் அதை வரவைக்க முயலவும் வேண்டாம்.

வலிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 10க்கு 3, 4 என்று சொல்லும்படியான இழுப்பு சரி, கையை இறக்கிய சில நிமிடங்களில் அது அடங்கிவிட வேண்டும். மறுநாள் காலை வரை வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிட வேண்டாம். தையலுக்கு அடியில் தண்ணீர் தளும்புவதுபோல் உப்பினால் அது நீர்க்கோப்பு. சர்ஜனிடம் காட்டும்வரை தோள் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். ஊசியால் நீரை எடுக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

அசைக்கவே கூடாது என்று சொன்னவருக்கும் ஒரு பதில். முதல் ஒரு வாரம், ட்ரெயின் இருக்கும்வரை, தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது உண்மை, நீர் அதிகம் சேரும். அதற்குப் பிறகும் ஓய்வு கொடுத்தால் தழும்பு அப்படியே இறுகும். 2021இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த புராஸ்பர் ஆய்வில், கை இறுகும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப்பட்ட 392 பெண்களைச் சேர்த்தார்கள். பிசியோ மேற்பார்வையில் 7 முதல் 10 நாளில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு ஒரு வருடம் கழித்துக் கைப் பயன்பாடு மற்றவர்களை விட நன்றாக இருந்தது. கை வீக்கமோ புண் சிக்கலோ அதனால் கூடவில்லை.

வார்டு சிஸ்டர்:

பிசியோ சார் பயிற்சியைச் சொல்லிட்டாரு. தங்கச்சி, வீட்டுல அன்றாடம் கவனிக்க வேண்டியதை நான் சொல்றேன்.

அந்த மரத்துப்போன இடத்துல ஒத்தடம் கொடுக்காதீங்க. வெந்நீர்ப் பை, உப்பு வறுத்துக் கட்டுறது, நொச்சி ஒத்தடம், எதுவுமே வேண்டாம். வார்டுல அடிக்கடி பார்க்கிற விஷயம் இது. சூடு தெரியாததால கொப்புளம் வந்தப்புறம்தான் கவனிப்பாங்க, சர்க்கரை வேற இருந்தா ஆற மாசக்கணக்குல ஆகும். மேல்கை உள்பக்கத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு அக்குள் வழியாத்தான் வருது, ஆபரேஷன்ல அது பாதிக்கப்படுறது சகஜம். எறும்பு ஊர்ற மாதிரி, சுருக்சுருக்னு குத்துற மாதிரி வந்தா பயப்பட வேண்டாம். முதல்ல பஞ்சு, ரெண்டு நாள் கழிச்சு மெல்லிசு வேட்டித்துணி, அப்புறம் துண்டு, இப்படி ஒண்ணு மாத்தி ஒண்ணா 2, 3 நிமிஷம் லேசாத் தடவிவிடுங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. கூச்சம் குறையும். மரப்பு கொஞ்சம் நிரந்தரமாவே தங்கலாம், அதையும் அத்தைகிட்ட இப்பவே சொல்லி வச்சிருங்க.

ஜாக்கெட் போடுறப்ப இடது கையை முதல்ல நுழைக்கணும், கழட்டுறப்ப இடது கை கடைசி. பழைய ஜாக்கெட் கை இறுக்கமாத்தான் இருக்கும், தையலைப் பிரிச்சு ஒரு விரல் தாராளமா நுழையிற மாதிரி வச்சுக்குங்க. கைச்சதையில கோடு பதியிற எதுவும் இடது கையில இருக்கக் கூடாது. வளையல், மோதிரம், காப்புக் கயிறு எல்லாம் வலது கைக்கு மாத்திருங்க. ரெண்டு மாசத்துக்கு முன்பக்கம் திறக்கிற நைட்டிதான் வசதி.

படுக்கிறப்ப இடது பக்கம் ஒருக்களிக்க வேண்டாம், கைக்கு அடியில தலையணை வச்சு நெஞ்சு உயரத்துக்கு இருக்கட்டும். கொசுவலை கட்டுங்க. நகம் வெட்டுறப்ப ஓரச்சதையைக் கிள்ளக் கூடாது. வடை, அப்பளம் பொரிக்கிற வேலையை வேற யாராவது பார்க்கட்டும், எண்ணெய் தெறிச்சா அந்தக் கைக்கு ஆகாது. ஊசி, ரத்தம் எடுக்கிறது, பிரஷர் பார்க்கிறது எல்லாத்துக்கும் வலது கையை நீட்டச் சொல்லிப் பழக்குங்க. அவசரத்துல ஒரு தடவை இடது கையில பிரஷர் பார்த்துட்டா வீங்கிரும்னு அலற வேண்டாம், ஒரு தடவை பார்த்ததால வீக்கம் வந்துச்சுன்னு ஆய்வுகள்ல தெளிவா நிரூபிக்கலை. வலது கை நல்லா இருக்கிறப்ப எதுக்கு இடதுன்னுதான் கணக்கு.

தழும்பைத் தடவுறது இப்பத் தொடங்கலாம், எங்கயும் பொருக்கு, கசிவு இல்லைங்கிறதால. ரெண்டு விரலைத் தழும்பு மேல வச்சு, விரல் வழுக்காம தோலோட சேர்த்துச் சின்ன வட்டமா நகர்த்தணும், அப்புறம் மேலும் கீழும், பக்கவாட்டுல. 5 நிமிஷம், ரெண்டு வேளை. ரொம்பக் காய்ஞ்சிருந்தா தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. ரேடியேஷன் ஆரம்பிச்ச நாள்ல இருந்து அந்த இடத்துல இதை நிறுத்திரணும், முடிஞ்சு தோல் ஆறினப்புறம் திரும்பத் தொடங்கலாம்.

இன்னொண்ணு. நிறைய அம்மாக்கள் வெட்டின பக்கத்தை மறைக்கத் தோளை முன்னால வளைச்சு, முந்தானையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க. அந்தக் கூனலாலேயே கை ஏறாது. கதவைச் சாத்திக்கிட்டு, நீங்க மட்டும் கூட இருந்து, அவங்க தழும்பைக் கண்ணாடியில பார்க்கட்டும். அவங்களா மனசு வர்றப்பப் பார்க்கட்டும், வற்புறுத்தாதீங்க. புண் நல்லா ஆறின பிறகு, டாக்டர்கிட்டக் கேட்டுட்டு பஞ்சு வச்ச செயற்கை மார்பகம் உள்ளாடைக்குள்ள வச்சுக்கலாம். ஆனா ரேடியேஷன் முடிஞ்சு தோல் ஆறுறவரைக்கும் அழுந்துற எதுவும் வேண்டாம்.

செல்லம்பட்டி மருமகள்:

ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. மூணு சோதனையும் பண்ணிட்டேன். சப்பை எலும்பு எழும்பலை, முன்கை வெளிப்பக்கம் ரெண்டு கையும் ஒரே மாதிரி திரும்புது. அப்ப நீங்க சொன்ன இறுக்கம்தான். பெரியப்பாகிட்டயும் சொல்லியாச்சு.

கை வீக்கத்தைத் தெரிஞ்சுக்கிறது எப்படி? முன்கூட்டியே கைக்குக் கட்டுப் போட்டுக்கலாமா, மெடிக்கல்ல கிரேப் பேண்டேஜ் வாங்கிட்டு வந்திருக்கோம். ஆயுசுக்கும் எடை தூக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே, அது உண்மையா? பூ எடுக்கப் போகலாமான்னு அத்தை தினமும் கேட்கிறாங்க.

நிணநீர் கிளினிக்:

அந்த கிரேப் பேண்டேஜைக் கட்டாதீர்கள். வீக்கமே இல்லாத கைக்குக் கட்டு தேவையில்லை. வீக்கம் இருந்தாலும் இது உதவாது. கிரேப் நன்றாக இழுபடும் துணி. சும்மா இருக்கும்போதும் இறுக்கும், கை அசையும்போது எதிர்த்து நிற்காது. வீட்டில் கட்டும்போது மேல்கையில்தான் இறுக்கமாக முடிகிறது, நீர் முழுக்கப் புறங்கையில் இறங்கிவிடும். நிணநீர் வீக்கத்துக்கு என்று குறைவாக இழுபடும் பேண்டேஜ் தனியாக இருக்கிறது. உள்ளே பருத்தி உறை, விரல்களுக்கு மெல்லிய கட்டு, அதன்மேல் பஞ்சு, அதன்மேல்தான் அந்தப் பேண்டேஜ். உள்ளங்கை, மணிக்கட்டுப் பக்கம் அதிக அழுத்தம், அக்குளை நோக்கிப் போகப் போகக் குறைய வேண்டும். பயிற்சி பெற்றவர் கட்டிக் காட்டிய பிறகுதான் வீட்டில் கட்ட வேண்டும்.

அளப்பதற்குத் தையல்காரர் டேப் போதும். இரண்டு கையையும் அளக்க வேண்டும்: கட்டை விரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றி, மணிக்கட்டு, முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. கீழே, முழங்கை மடிப்பு, மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலே. பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு அளந்தால் இடம் மாறாது. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இன்றே முதல் அளவை நோட்டில் எழுதுங்கள், பிறகு மாதம் ஒரு தடவை, எப்போதும் ஒரே நேரத்தில். காலையில் ஒரு மாதம், மாலையில் ஒரு மாதம் என்று அளந்தால் கணக்கு தப்பும். எந்தக் கையால் அதிகம் வேலை செய்கிறார்களோ அது இயல்பாகவே சற்றுப் பருமனாக இருக்கும். அதனால் இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசம் முதல் அளவை விட எவ்வளவு மாறியது என்பதுதான் முக்கியம். ஏதாவது ஓர் இடத்தில் 2 செ.மீ. கூடினால் உடனே காட்ட வேண்டும். அளவில் தெரிவதற்கு முன்பே கை கனத்துப்போனதுபோல, ஜாக்கெட் கை பிடிப்பதுபோல, மாலையில் தோலை அழுத்தினால் குழி விழுவதுபோலத் தெரியும். அப்போதே வந்தால் வீக்கத்தைக் கட்டுக்குள் வைப்பது சுலபம். வருடக்கணக்கில் விட்டுவிட்டு வந்தால் தோலுக்கு அடியில் கொழுப்பும் நாரும் இறுகியிருக்கும். பிறகு கட்டுப் போட்டாலும் முழுசாக இறங்காது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அக்குள் நெறிக்கட்டிகளை முழுசாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் இந்த வீக்கம் வருகிறது. அக்குளில் ரேடியேஷனும் சேர்ந்தால், உடல் எடை அதிகமாக இருந்தால் வாய்ப்பு கூடும். அறுவை முடிந்து 2, 3 வருடத்துக்குள் வருவது அதிகம், பிறகும் வரலாம். அதனால் மாதாந்திர அளவை நிறுத்திவிடாதீர்கள்.

வீக்கம் வந்துவிட்டால் முறையான சிகிச்சை இரண்டு கட்டம். முதல் 2 முதல் 4 வாரம் தினமும் நிணநீர் வடிப்பு, மேலே சொன்ன பேண்டேஜ், அதோடு பயிற்சி. நிணநீர் வடிப்பு என்பது எண்ணெய் மசாஜ் இல்லை. எண்ணெயே தொடக் கூடாது, தோல் மட்டும் நகரும் அளவுக்கு லேசாக, கழுத்திலும் மறுபக்க அக்குளிலும் தொடங்கி, பிறகு மார்பு, முதுகு, கடைசியாகத்தான் வீங்கிய கை. கையிலும் மேல்கைதான் முதலில். அளவு இறங்கி நின்ற பிறகு அழுத்த உறை, அதாவது கையை அழுத்திப் பிடிக்கும் சட்டைக்கை போன்ற உறை. இறங்கிய நிலையில்தான் அளவெடுக்க வேண்டும். வீங்கிய கைக்கு அளவெடுத்தால் ஒரு மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். காலையில் எழுந்ததும் மாட்டி இரவில் கழற்ற வேண்டும், இரண்டு உறை வாங்கி மாற்றி மாற்றித் துவைக்க வேண்டும், முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். 6 மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் உறை போடுவது கடினம்தான். வியர்த்தால் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டலாம், நாள் முழுக்கக் கழற்றி வைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

எடைக்கு வருகிறேன். ஆயுசுக்கும் தூக்கக் கூடாது என்பது பழைய அறிவுரை. 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள பெண்களே மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை, வீக்கத்தின் தொல்லைகள் குறைந்தன. படிப்படியாகக் கூட்டியதுதான் இதில் முக்கியம். ஆபரேஷன் ஆகி 6 வாரம் முடியும் வரை எந்த வேலையிலும் 1, 2 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். அதன்பிறகு எடைப் பயிற்சியாக அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இடது கையில் பிடித்து முழங்கையை மடக்குவது, முன்பக்கம் தோள்வரை தூக்குவது, தலா 10 தடவை, வாரம் 2 அல்லது 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். 2 வாரம் கழித்து அளவெடுத்துப் பாருங்கள். மாற்றம் இல்லை என்றால் 1 கிலோ. அப்படியே போக வேண்டும். இடையில் ஒரு மாதம் விட்டுப்போனால் பழைய எடையில் தொடங்கக் கூடாது, மறுபடி கீழிருந்துதான். நிறைந்த குடம் 15 கிலோ வரை வரும், அதை இடது இடுப்பில் தூக்கிவைக்க இந்த வருடம் யோசிக்க வேண்டாம். அரைக்குடம் வலது பக்கம், அதுவும் ரேடியேஷன் முடிந்து தெம்பு வந்தபிறகு.

பூ எடுப்பதற்கு ரேடியேஷன் முடிந்து தோல் ஆறும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். அந்த வேலையில் எடை இல்லை, அது நல்ல விஷயம். சிரமம் என்னவென்றால் கை நெஞ்சு உயரத்தில் மணிக்கணக்கில் நீட்டியபடியே நிற்கும், பிடரியும் தோளும் இறுகும். முதல் வாரம் அரைமணி நேரம் போதும். ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் நிறுத்தி, தலைக்கு மேலே கைகூப்பிக் கும்பிடுவதுபோல் கையை உயர்த்தி, விரல்களை 10 தடவை மடக்கி விரிக்க வேண்டும். மடி இடுப்பில் கட்டட்டும், பூப்பையை இடது தோளில் மாட்ட வேண்டாம். வயலுக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் போடும் முழுக்கைச் சட்டை இருக்கிறதே, அது மிகவும் நல்ல பாதுகாப்பு, குச்சி கீறாது, பூச்சி கடிக்காது. மணிக்கட்டுப் பொத்தான் இறுக்கமாக இருந்தால் போட வேண்டாம். மருந்து அடித்த தோட்டத்துக்கு அன்று போகக் கூடாது. பூக்கட்டுவது இப்போதே செய்யலாம், விரல் அசைவு கைக்கு நல்லது. நார் விரலை அறுத்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி மருந்து தடவி, துணி சுற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கைக்குச் சின்ன வெட்டும் பெரிய விஷயம்.

கை சிவந்து, சுட்டு, சிவப்பு பரவிக்கொண்டே போய், குளிரோ காய்ச்சலோ வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கோ ஆபரேஷன் செய்த இடத்துக்கோ போக வேண்டும், ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். அந்த நேரத்தில் பேண்டேஜ், வடிப்பு, பயிற்சி எல்லாமே நிறுத்தம். திடீரென்று ஒரே நாளில் கை முழுக்க வீங்கினாலும் உடனே போக வேண்டும், ரத்தக்குழாயில் அடைப்பா என்று பார்க்க வேண்டும்.

ரேடியோதெரபி டெக்னீஷியன்:

ஸ்கேன் நாளைப் பற்றி மட்டும். சாய்ந்த பலகையில் படுக்க வைத்து, கை தலைக்கு மேலே தாங்கியில் இருக்கும். பிளானிங்குக்கு நேரம் கூடுதலாக ஆகும், அதன்பிறகு தினசரி சிகிச்சையில் மேசையில் இருப்பது பொதுவாக 10, 15 நிமிடம். பிளானிங் அன்று கை எந்த இடத்தில் இருந்ததோ தினமும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அதனால் அன்று வலியைப் பொறுத்துக்கொண்டு அதிகமாகத் தூக்கிக் காட்ட வேண்டாம், வசதியாக நிலைத்து நிற்கும் உயரத்தைச் சொல்லுங்கள். கை இன்னும் ஏறவில்லை என்றால் ஸ்கேன் தேதிக்கு சில நாள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தள்ளிவைக்கலாமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

காலையில் வருவதற்கு முன் வீட்டில் ஒரு சுற்றுப் பயிற்சி முடித்துவிட்டு வந்தால் மேசையில் சிரமம் குறையும். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவர்கள் கம்பியை வலது கையால் பிடியுங்கள். திடீர் பிரேக்கில் இடது கை இழுபட்டு மறுநாள் வலியோடு வருகிறவர்கள் உண்டு. சிகிச்சை நாட்களில் அந்தத் தோலில் மஞ்சள், பவுடர், தைலம், சந்தனம் எதுவும் கூடாது. அடையாளத்துக்கு நாங்கள் தோலில் போட்ட கோடு அழியக் கூடாது, தேய்த்துக் குளிக்க வேண்டாம். தோல் கறுத்து, உரிந்து, அக்குள் மடிப்பில் ஈரமாகப் புண்ணானால் அந்த இடத்தை இழுக்கும் பயிற்சியை மட்டும் குறைத்துக்கொண்டு எங்களிடம் காட்டுங்கள்.

வைகைக்கரை பிசியோ:

சிஸ்டரும் மற்றவர்களும் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 15 சிட்டிங் முடிந்ததும் பயிற்சியை மூட்டைகட்டி விடுகிறார்கள், அங்கேதான் கை மறுபடி இறங்குகிறது. ரேடியேஷன் பட்ட மார்புத்தசையும் தோலும் மாதங்கள் கழித்துத்தான் இறுக ஆரம்பிக்கும், ஒரு வருடம் கழித்துக்கூடத் தொடரும். கம்புப் பயிற்சியும் கழுத்துக்குக் கீழ் கை கோர்ப்பதும் தினம் ஒரு வேளையாவது குறைந்தது ஒரு வருடம் வேண்டும், பிறகு வாரம் 2, 3 நாள். இடது கோடு வலது கோட்டுக்கு வந்த பிறகும் மாதம் ஒரு தடவை சுவரில் சரிபாருங்கள், 2 விரற்கடை இறங்கியிருந்தால் மறுபடி மூன்று வேளைக்குப் போக வேண்டும்.

மதுரைக்கு அடிக்கடி வர முடியாது என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். உங்கள் ஊருக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிவு செய்யுங்கள். டிஸ்சார்ஜ் தாளையும் நீங்கள் எழுதிவைத்த கை அளவு நோட்டையும் அவரிடம் காட்டினால் மேலே என்ன செய்வது என்று அவருக்குச் சுலபமாகப் புரியும். முதல் வருகையில் அவர் சப்பை எலும்பைப் பின்னாலிருந்து பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். வீட்டுச் சோதனையில் சரியாக இருந்தாலும், பலக்குறைவு லேசாக இருந்தால் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.